பதினேழாம் எண் கதவு

ஆறே காலுக்கு வண்டியில சத்தம் ஆரம்பிச்சிரும்.
மக்கும் குப்பை பச்சை வாளி,
மக்காத குப்பை நீல வாளி.
நகராட்சி பதிஞ்சு குடுத்த பொம்பளைக் குரல்.
அவளுக்குச் சளி பிடிக்காது, லீவு கேக்க மாட்டா.
அவ சொன்னதையே வாசல் வாசலா திருப்பிச் சொல்லி
எனக்குத்தான் தொண்டை கட்டும்.

அம்பாசமுத்திரம், வடக்கு மாடத்தெரு,
கீழச்சிறகு நாப்பத்திரெண்டு வீடு.
வாளியத் தொறந்தா போதும்.
நேத்து இங்கன பொண்ணு பாக்க வந்திருக்காவ:
ஆறு காகிதத் தட்டு, அஞ்சுல கேசரி அப்படியே கெடக்கு.
முடியாது போல.
அடுத்த வீட்டுல மாமியாரும் மருமவளும் அடுப்பு பிரிச்சாச்சு,
வெங்காயத் தோலு ரெண்டு பையில வருது.
குடிய விட்டுட்டேன்னு ஒம்பதாம் நம்பர்காரரு சொன்னது
சும்மா.

பதினேழு மட்டும் பிடி குடுக்கல.
மேலாப்புல முருங்கைக் காம்பு,
அடியில கறுப்புப் பை, முடிச்சு மேல முடிச்சு.
பிரிச்சுத் தாங்கக்கான்னா
வடிவு டீச்சர் கதவிடுக்கு வழியா சொல்லுதாவ:
வரி கட்டுதோம்லா, பிரிக்கது உன் வேலை.

பிரிக்காத வாளியத் தொடாதன்னு மேஸ்திரி உத்தரவு.
கதவுல ஒட்டுன கட்டம்போட்ட சீட்டுக்குச் செல்லக் காட்டணும்,
'ஆம்' இல்லன்னா 'இல்லை' அமுக்கணும்.
பதினோரு நாள் 'இல்லை'.
பதினோரு நாளும் வாளி வாசல்ல நின்னு
ஈயோட பேசிக்கிட்டிருந்துச்சு.

பன்னெண்டாம் நாள் வாளியவே காணல.

அன்னைக்கு மத்தியானம் வாய்க்கா மடையில அடைப்பு.
பிசானத்துக்குத் தண்ணி விட்ட நேரம்,
நானும் உச்சிமாகாளியும் எறங்குனோம்.
மடைக்கண்ணுல உப்பிக்கிட்டு ஒரு கறுப்புப் பை.
அவன் கம்பியால ஒரு இழுப்பு இழுத்தான், வாயப் பொளந்துச்சு.
மேலயே கரண்ட் பில்லு, பாதிதான் நனைஞ்சிருக்கு:
கோமதிநாயகம், கதவு எண் 17.
மாட்டுனீங்களா டீச்சர்!
எனக்குச் சிரிப்பு அடங்கல.
ஆபீசுல குடுத்தா அபராதம் ஐநூறு.

பெறவுதான் மத்ததப் பாத்தேன்.
பெரிய ஆளுக்குக் கட்டுத டயப்பர்.
எட்டு.
ஒவ்வொண்ணையும் ஞாயித்துக்கெழமை பேப்பர்ல சுத்தி,
நூலு போட்டுக் கட்டி,
கோயில்ல தார துன்னூறு பொட்டலம் கணக்கா.

சார் மகங்கூட மெட்ராஸ்ல இருக்காருன்னு
டீச்சர் தெருவுல சொல்லி ஆறு மாசமாச்சு.
மெட்ராசுக்குப் போனவருக்கு
முன்னூத்தி நாப்பது யூனிட் பேன் ஓடிருக்கு.

உச்சிமாகாளி என்னன்னு கேட்டான்.
சவம், கோழிக் கழிவுன்னுட்டேன்.

மறுநா அஞ்சரைக்கே போனேன், சத்தத்த அணைச்சுட்டு.
கதவு தட்டல.
கம்பிக்குள்ள கைய விட்டு செவப்புச் சாக்கு ஒண்ணு போட்டு
சுவத்தப் பாத்துச் சொன்னேன்:
இதுல தனியா போடுங்க.
வண்டிக்கு முந்தி நான் வருவேன்.
யாரும் பாக்க மாட்டாவ.
பதில் இல்ல.
உள்ள ஒரு ஆம்பளை இருமலு,
கையக் குடுத்துப் பொத்துன மாதிரி
பாதியில நின்னுச்சு.

வியாழக்கெழம சாக்கு வெளிய இருந்துச்சு.
பச்சை வாளியில முருங்கைக் காம்பு, காம்பு மட்டும்.
'ஆம்' அமுக்குனேன். டவர் இல்ல.
செல்லத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு
இன்னொருக்கா அமுக்குனேன்.

செவப்புச் சாக்குக்கு அந்தச் செல்லுல கட்டம் கெடையாது.
எங்க கொட்டன்னு கேட்டா
மேஸ்திரி கெடங்குப் பக்கம் கையக் காட்டுதாரு.
அங்கன மூணு குமி:
மக்குனது, மக்காதது,
என்னன்னு தெரியாதது.
மூணாவதுதான் பனை ஒசரம்.

கரண்ட் பில்ல ஆபீசுல குடுக்கல.
வீட்டுக்குக் கொண்டாந்து கறிவேப்பிலை மூட்டுல பொதைச்சேன்.
பேப்பரு மக்கும்.
எங்க காலனிக்கு
வண்டி வாரதில்ல.